கட்டாமல் விட்ட படல்

நம் மலைப்பள்ளி விடுதியைப் பற்றி நினைவு மலர் போடப் போகிறோம், ஆளுக்கு நாலு பக்கம் எழுதுங்கள் என்று வாட்ஸப் குழுவில் செய்தி வந்ததும் முதலில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவள் நான்தான். அதற்கப்புறம் இரண்டு மாதமாக வாயைத் திறக்கவில்லை. உங்களில் ஒருத்தி பலாக்கொட்டை சுட்டுத் தின்றதை எழுதிவிட்டாள். இன்னொருத்தி சீத்தாப்பழம் திருடப் போய்ப் புதரில் பாவாடை கிழிந்த கதையை எழுதி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். நான் நமக்கு வேத பாடம் எடுத்த உபதேசியாரின் மகள். அப்பாவைப் பற்றி உருக்கமாக ஏதாவது எழுதுவேன் என்று காத்திருக்கிறீர்கள். அது போதாதென்று, இந்த வருஷம் நம் வேதக்கோயில் அறுப்பின் பண்டிகைக்கு முதல் காணிக்கையை நான்தான் பீடத்தில் வைக்க வேண்டும் என்றும் உங்களுக்குள்ளேயே பேசி முடித்துவிட்டீர்கள்.

நான் வைக்கப் போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இன்று காலை பேனாவை எடுத்தேன். சிரிக்கும்படி எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் எட்டாவது படித்த வருஷம் அது. மலைமேல் அதற்கு மேல் வகுப்பு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்பதாவது படிக்க வேண்டுமென்றால் திருப்பத்தூருக்கு இறங்க வேண்டும். அங்கே இருந்த பெண்கள் விடுதியில் நம் பள்ளிக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு இடம். அப்பா யாருக்குக் கடிதம் கொடுக்கிறாரோ அவளுக்குத்தான் அந்தக் கட்டில்.

உங்களுக்கு மேல்மலைப் பெண்ணை ஞாபகம் இருக்கிறதா? பெயரைச் சொன்னால் சட்டென்று வந்துவிடும், ஆனால் அவளைக் கேட்காமல் அவள் பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை. புதூர்நாட்டுக்கும் அப்பால், ஜீப் நின்ற இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் நடந்து போகிற ஊர் அவளுடையது. அந்த ஊரிலிருந்து எட்டாவது வரைக்கும் வந்த முதல் பெண். நாமெல்லாம் பெரும்பாலும் கோயில் வீட்டுப் பிள்ளைகள். அவள் வீட்டில் வேறு சாமி. ஆனாலும் வேத பாடத்துக்கு அவள்தான் முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்காருவாள். நாம் பின்னால் உட்கார்ந்து புளியங்கொட்டை தேய்த்து ஒருத்தி தொடையில் ஒருத்தி சூடு வைத்துக்கொண்டிருப்போம்.

ஒருநாள் அப்பா கோபத்தைப் பற்றிப் பாடம் எடுத்தார். நூல் கட்டிய மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் சொன்னது இதுதான். கொலை செய்கிறவன் கை ஓங்குவதற்கு முன்னால் அவன் மனசு ஓங்கிவிடுகிறது. ஆண்டவர் கையைப் பார்ப்பதில்லை, மனசைத்தான் பார்க்கிறார். ஆகவே ஒருத்தர் மேல் கோபத்தை வைத்துக்கொண்டு கோயிலுக்குள் காணிக்கை கொண்டு வந்தால் அது காணிக்கையே இல்லை.

மேல்மலைப் பெண் எழுந்து நின்றாள்.

"ஐயா, கோவம் வந்துட்டா இன்னா பண்றது?"

"போய் சமாதானம் ஆயிடணும்."

"ஆவ முடியலன்னா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "முடியலன்னா முடியலன்னு சொல்லணும்மா. ஆயிட்டேன்னு பொய் சொல்லிட்டு உள்ள வரக்கூடாது. காணிக்கைய வெளியவே வெச்சிட்டு நிக்கணும்."

அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அப்பாவுக்கு ஒரே பூரிப்பு. "இத்தன வருசமா இந்தப் பாடம் எடுக்கிறேன், ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல," என்றார். அன்று வீட்டுக்கு வந்தும் அதையே சொன்னார். கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னார், கை கழுவிக்கொண்டே சொன்னார். எனக்குத் தாயில்லை. அந்த வீட்டில் என்னைப் பாராட்ட இருந்தது அவர் ஒருவர்தான். அவர் வாயிலிருந்து என் பெயர் வராமல் அவள் பேச்சே வந்துகொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

நம் கோயிலில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பண்டிகை அன்று காலை அப்பா வாசலில் நிற்பார். காணிக்கையோடு வருகிற ஒவ்வொருவரிடமும், "யார் மேலயாவது கோபம் இருக்குதா?" என்று கேட்பார். "இல்லீங்க" என்றால் உள்ளே போகலாம். இருக்கிறது என்றால் எதிரே புளியமரத்தடிப் பாறையில் காணிக்கையை வைத்துவிட்டு, சமாதானம் ஆன பிறகுதான் எடுத்து வர வேண்டும். வரப்புத் தகராறில் பேசாமல் இருந்த இரண்டு பங்காளிகளில் ஒருவர் சேவலைப் பாறையில் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்ததும், பிரசங்கம் முழுக்க அந்தச் சேவல் கூவித் தள்ளியதும், கடைசியில் பொறுக்க மாட்டாமல் இருவரும் எழுந்து போய்க் கைகுலுக்கிவிட்டுச் சேவலைத் தூக்கி வந்ததும் உங்களுக்கு மறந்திருக்காது. தகரக் கூரை அதிரச் சிரித்தோம். பெரும்பாலும் எல்லாரும் "இல்லீங்க" என்றுதான் சொல்லுவார்கள். பாறை காலியாகவே கிடக்கும்.

ஆடி மாதத்தில் நமக்கெல்லாம் சமையற்கட்டுக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு பாத்தி கொடுத்தார்கள். விளைவதைப் பண்டிகைக்குக் கொண்டு வர வேண்டும். கீரையும் வெண்டையும் போட்டோம். அவள் மட்டும் கிணற்றுக்கு மேலே கல்லும் முள்ளுமாகக் கிடந்த சரிவைக் கேட்டு வாங்கினாள். தானே கல் பொறுக்கி, கொத்தி, சாமை விதைத்தாள். சுற்றி முள் வைத்து, நுழைகிற வழிக்கு மூங்கில் பிளாச்சில் ஒரு படல் முடைந்து, கற்றாழை நாரில் கயிறு திரித்துக் கட்டினாள். மணி அடித்து நாம் கஞ்சிக்கு ஓடும்போது அவள் அங்கிருந்து செம்மண் காலோடு ஓடி வருவாள். ஐப்பசி பிறந்தபோது அந்தச் சரிவில் சாமைக் கதிர் தலை சாய்த்து நின்றது. காற்றடித்தால் ஒருவிதமான வாசம் வரும், பச்சையும் பாலும் கலந்த வாசம். இன்றைக்கும் கடையில் சாமைப் பொட்டலத்தைப் பிரித்தால் அது வருகிறதா என்று மோந்து பார்க்கிறேன். வருவதில்லை.

பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பாப்பா, திருப்பத்தூருக்கு அந்தப் பொண்ணுக்குத்தான் கடிதம் எழுதப் போறேன். பண்டிகையில அவங்க அப்பா வர்றாரு, எல்லார் முன்னாலயும் சொல்லிடலாம்னு இருக்கேன். உனக்கு வருத்தம் இல்லயே?"

"நான்?"

"நீ இன்னொரு வருசம் எங்கூட இரு. செங்கத்துல உங்க சித்தி வூட்ல விட்டுப் படிக்க வெச்சிக்கலாம். உனக்கு நாலு வழி இருக்குது. அவளுக்கு இந்த ஒண்ணுதான். இது இல்லன்னா தை மாசம் கல்யாணத்தப் பண்ணிடுவாங்க."

"சரிப்பா" என்றேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். என் தலையைத் தடவிக் கொடுத்தார். நல்ல பெண் என்றார்.

அந்தப் பத்து நாளும் நான் அவளோடு சண்டை போடவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. கணக்கு நோட்டைக்கூடக் கேட்டதும் கொடுத்தேன். உள்ளுக்குள்ளே மட்டும், இவள் இல்லாமல் போக வேண்டும், இவள் இந்த மலையிலிருந்தே போய்விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கஞ்சி குடிக்கும்போது சொன்னேன், ஜெபத்தில் கண்ணை மூடும்போது சொன்னேன். அதற்குப் பெயர் கோபம் என்று எனக்குத் தெரியாது. கோபம் என்றால் சத்தம் போடுவது என்றுதான் நினைத்திருந்தேன்.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால், பிற்பகல். பாட்டுப் பயிற்சிக்காக எல்லாரும் கோயிலில் இருந்தோம். தண்ணீர் குடிக்க நான் மட்டும் கிணற்றுப் பக்கம் போனேன். மேலே பார்த்தால் படல் திறந்து கிடந்தது. சமையற்காரம்மா சாமைக்கு நடுவே முளைத்த கீரையைக் கிள்ள வந்து, கட்டாமல் போயிருந்தார். அது அப்புறம் தெரிந்தது. இன்னும் மேலே, பாறைச் சரிவில், பத்துப் பன்னிரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டே கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

படல்வரை போனேன். கயிறு கீழே தொங்கியது. அதைக் கையில் எடுத்தேன். நார் சொரசொரவென்று இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நம் பெரிய சொம்பில் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடுகளைப் பார்த்தேன். பிறகு கயிற்றைக் கீழே விட்டேன். கோயிலுக்குத் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே ஆட்டுச் சத்தமும் சமையற்காரம்மாவின் கூச்சலும் கேட்டன. எல்லாரும் பாட்டை நிறுத்திவிட்டு ஓடினீர்கள். அங்கே என்ன மிச்சம் இருந்தது என்று நீங்களும் பார்த்தீர்கள். கதிரெல்லாம் கடித்து, மிதித்து, புழுக்கை போட்டு, ஒரு மூலையில் மட்டும் கை அகலத்துக்கு நின்றது. அவள் அதைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"நீதான்டி. நாயே, நீதான் அவுத்து வுட்ட!"

அப்பா வந்துவிட்டார். என்னைப் பார்த்து, "நீ அவுத்தியா?" என்றார்.

"இல்லப்பா. நான் அவுக்கல." என் குரல் நடுங்கவே இல்லை. சொன்னது உண்மைதானே.

அதற்குள் சமையற்காரம்மா மாரில் அடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "ஐயோ, நாந்தாங்க. கீர கிள்ள வந்தேன். அடுப்புல ஒல கொதிக்குதேன்னு ஓடிட்டேன், கட்டல. பாவி நான்."

மேல்மலைப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுவாதீங்கக்கா. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. மறந்துட்டீங்க, அவ்ளோதான்." பிறகு என்னைக் காட்டினாள். "ஆனா இவதான்."

"அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்களே, அப்புறமும் இன்னா பேச்சு இது?" என்றார் அப்பா. "கூடப் படிக்கிறவள நாயேன்னு சொல்ற. நான் எடுத்த பாடம் இதுதானா?"

நீங்களெல்லாம் என்னைச் சுற்றி நின்றுகொண்டு தோளைத் தட்டிக் கொடுத்தீர்கள். ஒருத்தி தன் தாவணியால் என் கண்ணைத் துடைத்தாள். ஆமாம், நான் அழுதேன். எப்படி அழுதேன் என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

பண்டிகை காலையில் பனி இறங்கியிருந்தது. நம் கீரைக்கட்டுகள், அவரை, பூசணி, வெளியூர்க்காரர்களின் கேழ்வரகு மூட்டை, கோழி என்று வாசலில் வரிசை நின்றது. அப்பா என்னையும் அவளையும் தனியே அழைத்தார். அவள் கையில் ஒரு சின்னத் துணிமுடிச்சு. ஆடு விட்டுவைத்த அந்த மூலைக் கதிரைக் கசக்கி எடுத்த சாமை, இரண்டு கைப்பிடி இருக்கும். அவளுடைய அப்பா, தோளில் கம்பளியோடு, கோயில் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பற்றி ஏதோ நல்ல சேதி சொல்லப் போகிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்திருந்தார்.

"ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டு உள்ள வாங்க," என்றார் அப்பா.

நான் முந்திக்கொண்டேன். அவள் கையைப் பிடித்து, "நான் உன் மனசு நோவுற மாதிரி ஏதாவது பண்ணியிருந்தா என்னை மன்னிச்சிடு," என்றேன். எவ்வளவு அழகான வார்த்தைகள் பாருங்கள். ஒரு பொய் இல்லை, ஒரு உண்மையும் இல்லை. அப்பாவின் கண் கலங்கிவிட்டது.

"நீ சொல்லும்மா," என்றார் அவளிடம். "யார் மேலயாவது கோபம் இருக்குதா?"

அவள் என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். "இருக்குதுங்க."

"அவதான் மன்னிப்பே கேட்டுட்டாளே."

"கேட்டா. எனக்கு இன்னும் போவல. பொய் சொல்லிட்டு உள்ள வரக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வாசலில் வரிசை நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அப்பாவின் முகம் சிவந்தது. தன் பாடமே தன்னைப் பார்த்து நிற்கிறது என்று அவருக்குப் புரிந்திருந்தால் அன்று எல்லாமே வேறாகியிருக்கும். அவருக்குத் தெரிந்தது, அத்தனை பேர் முன்னால் ஒரு பெண் தன் பேச்சைத் தட்டிவிட்டாள் என்பதுதான். அவள் அமைதியாகப் புளியமரத்தடிக்கு நடந்து, துணிமுடிச்சைப் பாறைமேல் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். நான் என் கீரைக்கட்டோடு உள்ளே போனேன். பீடத்துக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரியும்படி வைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் அப்பா கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து அவளுடைய அப்பாவிடம்தான் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"உங்க பொண்ண அனுப்பலாம்னுதான் நெனச்சேன். ஆனா குணம் சரியில்லப்பா. வெளியூர்ல வுட்டா எங்க பேரு கெட்டுடும்."

"இன்னாங்க பண்ணிச்சி? திருடிச்சா?"

"சேச்சே. கோபம். மனசுல கோபத்த வெச்சிக்கினு எறங்கி வர மாட்டேங்குது."

அந்த மனிதருக்கு விளங்கவே இல்லை. மகளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "கோவமா? அவ்ளோதானுங்களா? எங்க வூட்ல எல்லாத்துக்கும் கோவம் வருங்க, ஐயா."

பிறகு அவரே கம்பளியை உதறிப் போட்டுக்கொண்டு மகளிடம், "அப்போ இன்னாத்துக்கு இங்க? வா, பையை எடு," என்றார்.

அவள் விருந்துகூடச் சாப்பிடவில்லை. நாமெல்லாம் இலைபோட்டு உட்கார்ந்திருந்தபோது அவர்கள் இரண்டு பேரும் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சமையற்காரம்மா சோற்றுக் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த ஒரு வரியை எழுதத்தான் இரண்டு மாதம் ஆயிற்று. சோறு இனித்தது, தோழிகளே. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அவள் துணிமுடிச்சை யாரும் எடுக்கவில்லை. எடுக்கக்கூடாது என்பதுதானே வழக்கம். மழையில் நனைந்து, துணி அவிழ்ந்து, குருவிகள் கொத்தி முடித்தன. தை மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாகச் சேதி வந்தது. சித்திரையில் அப்பா கடிதம் எழுதினார். வேறு யார் இருக்கிறார்கள் என்று யோசித்து, கடைசியில் எனக்கே எழுதினார். ஜன்னலோரக் கட்டில். அதில் படுத்துப் படித்துத்தான் நான் வாத்தியாரம்மா ஆனேன்.

முப்பத்து மூன்று வருஷம் பாடம் நடத்தினேன். இரண்டு பிள்ளைகள் சண்டையென்று வந்தால் சத்தம் போடாத பிள்ளையைத்தான் முதலில் விசாரிப்பேன். அந்த டீச்சர் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார் என்று பள்ளியில் பெயர் எனக்கு. எங்கே படித்தேன் அதை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது, ஒருநாள் மாத்திரை கொடுக்கப் போனேன். "அந்த மேல்மலைப் பொண்ணு எங்க இருக்கா?" என்றார். தெரியாது என்றேன். "அவசரப்பட்டுட்டேன் பாப்பா. அவ நான் சொன்னதத்தானே செஞ்சா," என்றார். நான் தண்ணீர் டம்ளரை நீட்டினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் சுமை பாதி குறைந்திருக்கும். சொல்லவில்லை. அவசரப்பட்டது மட்டும்தான் தன் தப்பு என்று எண்ணிக்கொண்டே அவர் போனார்.

அவர் போன பிறகு ஒருநாள் அந்தக் கோபப் பாடம் வருகிற வேதப் பகுதியை நானே உட்கார்ந்து வாசித்தேன். எத்தனையோ முறை காதால் கேட்டது, அன்றுதான் கண்ணால் நிதானமாகப் பார்த்தேன். உனக்குக் கோபம் இருந்தால் காணிக்கையை வெளியே வை என்று அங்கே இல்லை. உன் மேல் இன்னொருவருக்குக் குறை உண்டென்று உனக்கு நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு நீ எழுந்து போ என்றுதான் ஆண்டவர் சொல்கிறார். போக வேண்டியவன் நோகடித்தவன். நம் கோயிலில் இத்தனை வருஷமும் நொந்தவர்களை வெளியே நிற்க வைத்திருக்கிறோம். அன்று புளியமரத்தடியில் கிடந்திருக்க வேண்டியது அவள் சாமை இல்லை, என் கீரைக்கட்டு.

அது தெரிந்தும் பதினோரு வருஷம் சும்மா இருந்தேன். முதல் காணிக்கை நீதான் வைக்க வேண்டும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் பஸ் ஏறினேன். போன மாதம் புதூர்நாட்டில் இறங்கி, விசாரித்து, ஜீப் பிடித்துப் போனேன். இப்போது அவள் ஊர்வரைக்கும் ரோடு இருக்கிறது.

வாசலில் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நரைத்த தலை, அதே நேர்ப்பார்வை. "யாருங்க?" என்றாள். பிறகு முறத்தை நிறுத்தி, "உபதேசியார் பொண்ணா?" என்றாள்.

"ஆமா."

"உக்காரு. இன்னா இவ்ளோ தூரம்?"

கட்டிலில் உட்கார்ந்தேன். ஜீப்பில் வரும்போது ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் போய்விட்டது. "அன்னிக்குப் படல் தொறந்து கெடந்தத நான் பாத்தேன். ஆடு வர்றதையும் பாத்தேன். கயிறு என் கையில இருந்துச்சி. வேணும்னேதான் கட்டல," என்றேன். "நீ போயிடணும்னுதான் கட்டல."

அவள் மறுபடியும் புடைக்கத் தொடங்கினாள். "தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஆடு பூந்துச்சின்னு கேட்டதும் எல்லாரும் ஓடியாந்தாங்க. நீ மட்டும் நடந்து வந்த."

ஐம்பத்திரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாது என்று நான் பொத்தி வைத்திருந்தது, அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது.

"எனக்கு மூணு பொண்ணுங்க," என்றாள் அவளே. "கடைசிப் பொண்ண திருப்பத்தூர்ல அதே ஆஸ்டல்லதான் சேத்தேன். நானே கூட்டிக்கினு போனேன். ஜன்னலாண்ட ஒரு கட்டில் இருந்திச்சி. அதுல உக்காந்து பாத்தேன். அதுவரிக்கும்கூட அவ்ளோ இல்ல. அன்னிக்குதான் உம்மேல நெறைய கோவம் வந்திச்சி."

"என்னை மன்னிச்சிடு," என்றேன். இந்தத் தடவை 'ஏதாவது பண்ணியிருந்தா' என்று சேர்க்கவில்லை. "இப்பவும் இருக்குதா கோவம்?"

அவள் முறத்தை ஒரு தட்டுத் தட்டி உமியைத் தள்ளினாள். என்னைப் பார்த்தாள்.

"கேக்கற. பொய் சொல்லட்டா?"

"வேணாம்."

"அப்போ இருக்குது. நீ வந்து சொன்னதால கொஞ்சம் கம்மியா இருக்குது. முழுசா போவல."

உள்ளே போய்ச் சாமைச் சோறும் கீரைக் குழம்பும் போட்டுக்கொண்டு வந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். போதும் என்று கையால் மறித்தபோதும் இன்னொரு கரண்டி வைத்தாள். ஜீப் ஏறும்போது பக்கத்தில் வந்து, "அடுத்த மாசம் வர்றியா? இன்னும் கொஞ்சம் கம்மியாவுதான்னு பாக்கலாம்," என்றாள். வர்றேன் என்றேன்.

அதனால்தான் சொல்கிறேன். பண்டிகைக்கு நான் வருவேன். மொட்டைமாடித் தொட்டியில் நானே வளர்த்த கீரையில் ஒரு கட்டு கொண்டு வருவேன். புளியமரத்தடிப் பாறைமேல் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நிற்பேன். பாவம், வயசானவள் என்று இரக்கப்பட்டு உங்களில் ஒருத்தியும் அதை உள்ளே எடுத்துக்கொண்டு போக வேண்டாம். ஆடு வந்தால் விரட்டவும் வேண்டாம்.